பின்கோடியில் தண்ணீர் டிரம்

திங்கட்கிழமை

கருவாயா, நீ கண்மூடியதிலிருந்து உன் தம்பிதான் வேன் ஓட்டுகிறான். என் பேச்சைக் கேட்பதே இல்லை. இன்று வேன் இழுக்கும் நம் டிபன் கடை டிரெய்லரில் இரண்டு தண்ணீர் டிரம்மையும் பின்கோடியில் ஏற்றினான்.

"பிளேட் கழுவுற எடத்துலயே இருக்கட்டும் அண்ணி. இன்னா பயம் உனக்கு?" என்றான்.

அரியூர் தாண்டி வேகம் எடுத்ததும் டிரெய்லர் இடமும் வலமும் வீசியது. பிரேக்கை மிதித்தான், இன்னும் வீசியது. "பிரேக்க வுடுடா, கால எடு!" என்று கத்தினேன். அவன் காலை எடுத்த பிறகுதான் அடங்கியது.

"நீ இன்னா டிரைவரா?" என்று கேட்டான்.

பின்கோடியில் கனம் இருந்ததால்தான் வீசியது; நாளை நானே ஏற்றப்போகிறேன். நீ முன்பக்கம்தான் வைப்பாய், அது தெரியும். டிரெய்லரின் முன்னால் கனம் கூடிப்போனாலும் வேனின் பின்பக்கம் அமுங்கும் என்பாய். நீ ஏற்றும் நேரத்தில் நான் மாவு கரைத்துக்கொண்டிருப்பேன், பார்த்ததில்லை. இரண்டையும் முன்னால் வைப்பாயா, ஒன்றை மட்டுமா?