பினாங்கு வீட்டுக்கு விசா

12 மார்ச் 2004, வெள்ளி.

பினாங்கில் வாங்கிய சின்ன வீட்டில் நாங்கள் இருவரும் தங்க நீண்டகால விசா வேண்டும். இன்று அதற்கு நேர்காணல். கிடைக்காது என்றே நினைத்துப் போனேன்.

பாஸ்போர்ட்டைக் கேட்டதும், முப்பது வருஷம் கப்பலில் வேலை பார்த்த பழக்கத்தில், இவர் மாலுமிப் புத்தகத்தை நீட்டினார். எனக்கு மானம் போயிற்று.

"இதை வச்சுக் கப்பல் நிக்கிற வரைக்கும்தான் இருக்கலாம்," என்று அதிகாரி சிரித்தார்.

"அந்தப் பேஜாரே வேணாம்னுதான் சார் வந்துகீறோம். எந்த ஊர்லயும் சாய்ந்தரமானா கப்பலுக்கு ஓடணும். ஒரு ஊர்லயாவது சலிக்கிற வரைக்கும் இவளோட இருக்கணும்."

விசா கிடைத்துவிட்டது, ஐந்து வருஷத்துக்கு.

ராயபுரம் பஸ்ஸில், "என்னோட இருந்தா சலிச்சிடுமா?" என்று இவரைக் கேட்டேன்.

"அஞ்சு வருஷம் குடுத்துகீறாங்கல்ல, பாக்கலாம்."

சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.