வீட்டில் விழுந்ததாக ஒரு தாள்

ஆவணி 14, செவ்வாய்

போலகம் ஆலையில் மெஷினில் சிக்கி வலது கை நசுங்கிப் பத்து நாளாகிறது. இடது கையால் எழுதுகிறேன், கோணலாகத்தான் வருகிறது.

அன்று ஆஸ்பத்திரியில் சூப்பர்வைசர் டாக்டரிடம், "வீட்ல வழுக்கி விழுந்துட்டாரு" என்றார். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று நானும் தலையாட்டினேன். அதுதான் உறுத்துகிறது.

இன்று அதையே தாளில் அடித்து, கைநாட்டு வாங்க வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பக்கத்துத் தெரு வக்கீலம்மாகிட்ட காட்டிட்டு வைக்கிறேங்க" என்றேன்.

"நமக்குள்ள எதுக்குங்க வக்கீலு?"

"வீட்ல விழுந்தவனுக்கு கம்பெனி எதுக்குங்க தாள் அடிச்சிட்டு வரணும்?"

அவர் எழுந்துகொண்டார். போகும்போது தாளைத் திருப்பிக் கேட்டார். நான் தரவில்லை. தலையணைக்கு அடியில் இருக்கிறது. காலையில் வக்கீலம்மா கையில் இருக்கும்.