வீட்டோடு போகாதது

ரோஷினி அம்மாவுக்கு,

நீ காரியாபட்டி அம்மா வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியபடியே வீட்டை விற்க ஏற்பாடு செய்துவிட்டேன். விளம்பரத்துக்குப் படம் எடுக்க நேற்று புரோக்கர் லிங்கம் வந்தார். இருட்டாக விழுந்த அடுப்படிப் படத்தைப் போனிலேயே வெளிச்சமாக்கினார். காலை வெயிலில் நம் அடுப்படி அப்படித்தான் இருக்கும் என்பதால் சரி என்றேன்.

கிணற்றுக்கு மூடி போடச் சொல்லி நீ எத்தனை முறை கேட்டாய். இப்போது போட்டிருக்கிறேன்.

கொல்லைப்புறப் படத்தைப் பார்த்ததும் லிங்கம், "தண்ணியில்லாத கெணறுதானண்ணே. படத்துல அழிச்சுட்டுப் புல்லுத்தரையா மாத்தித் தாரேன், பாக்குறவுகளுக்குப் பிடிக்கும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். "வாங்குறவுக வீட்டுலயும் சின்னப்புள்ளைக இருக்கும்ய்யா! இங்க கெணறு இருக்குன்னு அவுகளுக்கு மொதல்லயே தெரியணும்."

அவர் தலைகுனிந்துகொண்டார். நம் வீட்டில் நடந்தது தெருவில் யாருக்குத்தான் தெரியாது.

அதே படத்தின் ஓரத்தில் மூன்று சக்கரச் சைக்கிள் நின்றது. "இது வீட்டோட போகுமாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார். போகாது என்றேன். விரலால் ஒரு தடவு தடவினார். படத்தில் வெறும் தரைதான் மிஞ்சியது. அதில் பொய் இல்லை, நாம் விற்பது வீட்டை மட்டும்தானே.

அவர் போனபிறகு கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். சைக்கிள், ரோஷினி விட்ட இடத்திலேயே, கிணற்றைப் பார்த்தபடி நிற்கிறது. இத்தனை மாதத்தில் என்னால் அதை ஒரு அடிகூட நகர்த்த முடியவில்லை.

வீடு விற்கும்வரை காத்திருக்காதே. நீ வா, இருவருமாகச் சேர்ந்து எடுத்து வைப்போம்.

ரோஷினி அப்பா