பன்னிரண்டாவது மனு

786
திண்டுக்கல்
12-1-1958

அன்புள்ள ரம்ஜான் பீவிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். நீயும், உன் அண்ணன் சௌகத் அலியும், அவர் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்.

முதலில் என் பிராதைக் கேள். போன கடிதத்தில் உறைமேல் மட்டுமல்ல, உள்ளேயும் ‘மைதீன் பிச்சை ராவுத்தர் அவர்களுக்கு’ என்று எழுதியிருக்கிறாய். பதினைந்து வருஷக் குடித்தனத்தில் என் பேரை நீ வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டபோதுகூடப் பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசாவை இடித்து அவளைச் சொல்லவைத்தவள் நீ. உனக்கு நான் என்றைக்கும் ‘சேக் பரீது அத்தா’தான். இப்போது உன் கையெழுத்தில் என் முழுப்பேரைப் பார்த்தால் கோர்ட் சம்மன் வந்ததுபோல் இருக்கிறது.

பதினோராவது மனுவும் போய்விட்டது. முந்தைய பத்து மனுவுக்கும் ஒரே பதில்தான் வந்திருக்கிறது: ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.’ எல்லாவற்றையும் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். தாலுகா ஆபீஸ் பியூன் என்னைத் தூரத்தில் கண்டாலே, “வாங்க மனு ராவுத்தரே, டீ சாப்பிட்டீகளா?” என்கிறார். ஊரில் பாதிப்பேர் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பட்டம் கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்வேன்?

இந்த மனுவை டைப் அடித்தவர் கோர்ட் வாசல் ராயப்பராஜ். நகல் வைத்திருக்கிறேன், படித்துப் பார். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவன் திருச்சி சர்க்கஸைப் பார்க்க டிக்கெட் இல்லாமல் ரயிலேறினான். வழியில் ஒரு ஸ்டேஷனில் பிடிபட்டான். அபராதம் கட்ட வழியில்லாமல் ஏழு நாள் தண்டனை என்று அந்த ஊர் சப்ஜெயிலில் பெரிய ஆட்களோடு போட்டார்கள். ஐந்தாம் நாள் வாந்திபேதியில் மவுத்தானான். இனி எந்தப் பிள்ளையையும் ஒரு ராத்திரிகூடப் பெரியவர்களோடு அடைக்கக் கூடாது, வயதைக் காகிதத்தில் பார்த்து நம்பாமல் டாக்டரிடம் காட்டிப் பெற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன்.

ஒரு உதவி. தலைப்பிரசவம் உன் அம்மா வீட்டில் என்பதால் நம் சேக் பரீதின் பிறப்பு கீரனூர்ப் பதிவேட்டில்தான் இருக்கும். கிராம முன்சீப்பிடம் அதன் நகலை வாங்கி அனுப்பு. அது இல்லாமல் என் பேச்சை யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

என் சமையலைப் பற்றிக் கேட்காதே. நேற்று வைத்த குழம்பைத் தெருப் பூனை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

உன்
மைதீன் பிச்சை

*

786
கீரனூர்
20-1-1958

திண்டுக்கல் மைதீன் பிச்சை ராவுத்தர் அவர்களுக்கு,

கீரனூர் ரம்ஜான் பீவி எழுதிக்கொண்டது. ஸலாம். இங்கு எல்லோரும் சுகம். அண்ணன் கடைக்கு ரேடியோ வாங்கியிருக்கிறார். சாமான் வாங்க வந்தவர்கள் செய்தி கேட்டுவிட்டு, சாமானை மறந்து போய்விடுகிறார்கள். மதினி அதைக் கிணற்றில் போடுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பூனை விஷயம் கேட்டுச் சிரித்தேன். புளியை எவ்வளவு ஊற்றினீர்கள் என்று அந்தப் பூனையிடம்தான் கேட்க வேண்டும்.

நகலை நீங்கள் கேட்பதற்கு முன்பே, போன வருஷமே வாங்கிவிட்டேன். “ஏனுங்க, எதுக்குங்க இது?” என்று முன்சீப் கேட்டார். “என் பிள்ளைக்கு எத்தனை வயசுன்னு எழுத்துல பாக்கணும்” என்றேன். உடனே எழுதிக் கொடுத்துவிட்டார். பெட்டியில் என் நிக்காஹ் புடவைக்கு அடியில் இருக்கிறது. ஆனால் அனுப்பமாட்டேன்.

உங்கள் மனுவை மூன்று முறை படித்தேன். அழகாக இருக்கிறது. ‘அதிகாரிகள் அவனது வயதைப் பதினேழு என்று தவறாகப் பதிந்துவிட்டார்கள்’ என்று நாலாவது வரி. அதிகாரிகள் அதை வானத்திலிருந்தா எடுத்தார்கள்? அவன் பையிலிருந்த, உங்கள் தோல் ஷாப் கொடுத்த வேலை அட்டையில் பதினேழு என்று இருந்தது. அவனும் பெருமையாக அதை எடுத்து நீட்டியிருக்கிறான். அட்டையில் அப்படி எழுதச் சொன்னது யார்? வளர்த்தியாக இருக்கிறான், பதினேழு என்றால் மேஸ்திரி சேர்த்துக்கொள்வார் என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது யார்?

பதினோரு மனுவிலும் அந்த ஒரு வரி இல்லை. என்றைக்கு அது வருகிறதோ அன்றைக்கு நகலும் வரும், நானும் வருவேன். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து நான் பெட்டியைத் தூக்கியது உங்கள் பொய்க்காக இல்லை. அதற்குப் பிறகும் நீங்கள் மற்றவர்களையே திட்டிக்கொண்டிருந்தீர்கள், அதற்காகத்தான்.

ரம்ஜான் பீவி

*

786
திண்டுக்கல்
9-2-1958

அன்புள்ள ரம்ஜான் பீவிக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் ஏதாவது வேலை வந்துவிடுகிறது. கோழிக்கூட்டுக்குக் கதவு போட்டேன். கோழி இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

சந்தோஷமான செய்தி ஒன்று. சட்டசபையிலிருந்து ஒரு குழு ஊர் ஊராக வந்து, பிள்ளைகளை ஜெயிலில் போடுவது பற்றிக் கேட்கப் போகிறதாம். மார்ச் 18 இங்கே, பயணிகள் பங்களாவில். யார் வேண்டுமானாலும் பேசலாம். ராயப்பராஜ் என்னைவிடக் குதிக்கிறார். “ராவுத்தரே, அன்னைக்கு நீங்க வெள்ளச் சட்ட போட்டுத்தான் வரணும். இந்தத் தோல் வாடைய வச்சுக்கிட்டு உள்ள போனா குழுவே ஓடிரும்” என்கிறார். வெள்ளைச் சட்டையில் பொத்தான் இல்லை. தைக்க ஆளுமில்லை.

நீ சொன்ன வரி. அதை எழுதாமல் இல்லை, பீவி. எழுதி எழுதிக் கிழித்திருக்கிறேன். எழுதினால் ‘நீயே பொய் சொல்லிவிட்டு எங்களை ஏன் கேட்கிறாய்’ என்று மனுவைத் தூக்கி எறிந்துவிடுவார்களோ என்று பயம். ஷாப்பில் வேலை போய்விடுமோ என்று பயம். இதெல்லாம் வெளியே சொல்கிற பயம். உள்ளே இருப்பது வேறு. அதை டைப் அடித்துக் கண்ணால் பார்த்துவிட்டால், அவனை ஜெயிலில் போட்டது நான்தான் என்று ஆகிவிடும். அப்புறம் யாரைத் திட்டிக்கொண்டு நான் காலையில் எழுந்திருப்பது?

கோபிக்காதே. பதில் போடு. உறைக்குள்ளாவது என் பேரை எழுதாதே.

உன்
மைதீன் பிச்சை

*

786
கீரனூர்
17-2-1958

திண்டுக்கல் மைதீன் பிச்சை ராவுத்தர் அவர்களுக்கு,

ஸலாம். பேரை எழுதத்தான் செய்வேன்.

அண்ணன் கடைச் சரக்கு எடுக்க லாரியில் வருகிறார். அவரிடம் எலுமிச்சை ஊறுகாய் ஒரு ஜாடியும், பொத்தான் ஆறும், நூல் கோத்த ஊசியும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஊறுகாயைப் பூனைக்கு வைக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மதினி வெங்காயத்தை என் முன்னால் தள்ளிவைத்தாள், யாராவது பார்த்தால் காரணம் இருக்கட்டும் என்று. நல்லவள்.

உங்கள் ஷாப்பில் இன்னும் எத்தனை பிள்ளைகள் பதினேழு வயதுக்காரர்களாக இருக்கிறார்கள்? நம் தெருவிலேயே நாலு பேரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் நாளைக்கு ரயிலேறினால் அவன் அட்டையும் அதைத்தான் சொல்லும். டாக்டர் பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்களே, ஏன் பார்க்க வேண்டும்? பெற்றவர்களே பொய் சொல்வோம் என்பதால்தான். அதைச் சொல்லாமல் கேட்டால் உங்கள் மனுவுக்குக் காலே இல்லை.

ரம்ஜான் பீவி

*

786
திண்டுக்கல்
20-3-1958

அன்புள்ள ரம்ஜான் பீவிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பேசிவிட்டேன்.

பன்னிரண்டாவது மனுவை முந்தின நாள் அடித்தோம். நாலாவது வரியை நான் சொல்லச் சொல்ல ராயப்பராஜின் கை நின்றுவிட்டது. “இத அடிச்சா அடிச்சதுதான், ராவுத்தரே. அழிக்க முடியாது” என்றார். “அதுக்குத்தானய்யா ஒங்கிட்ட வந்தேன், அடி” என்றேன். ‘வேலைக்குச் சேர்ப்பதற்காக என் மகனுக்குப் பதினேழு வயது என்று நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் அவனைப் பெரியவர்களின் அறைக்குள் கொண்டுபோனது. என்னைப் போன்ற தகப்பன்மார் இந்த ஊரில் நிறைய. ஆகவே காகிதத்தை நம்பாதீர்கள், பிள்ளையைப் பாருங்கள்.’ இதுதான் அந்த வரி. ஒரு வரி நாலாகிவிட்டது.

பங்களாவில் பெஞ்சு நிறைய ஆட்கள். நம் மேஸ்திரியும் வந்திருந்தார். என் முறை வந்ததும் அதைப் படித்தேன். நடுவில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தேன். தண்ணீர் கொடுத்தார்கள். யாரும் மனுவைத் தூக்கி எறியவில்லை. தலைவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பதின்மூன்று வயதுப் பிள்ளை, பார்த்தால் தெரியாதா?” என்று கேட்டார். “வளர்த்தி, ஐயா. மேஸ்திரியிடம் போன அன்றைக்கு மீசையும் இருந்தது” என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெளியே வந்தால் மேஸ்திரி முகம் கொடுக்கவில்லை. வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். மறுநாள் ஷாப்பில் அவர் மேசைக்கு முன்னால் ஆறு தகப்பன்மார் வரிசையில் நிற்கிறார்கள். முதல் ஆள் ரஹ்மத்துல்லா. “மேஸ்திரி, எம் பயலுக்குப் பதினேழு இல்ல, பதினாலுதான். அட்டைய மாத்திக் குடுங்க” என்கிறான். மேஸ்திரி தலையில் கையை வைத்துக்கொண்டு, “அம்புட்டுப் பேரும் ஒரே நாள்ல சின்னப் பயலுகளாயிட்டா நான் யார வச்சுய்யா தோல் அலசுறது?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை போனதற்கு அப்புறம் ஷாப்பில் நான் சிரித்தது அன்றைக்குத்தான். என்னை இன்னும் நிறுத்தவில்லை. அவருக்கு இப்போது ஆள் போதாது.

குழு மறுபடி 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமை உட்காருகிறது. அதற்குள் பிறப்பு நகலைக் காட்டினால் நம் பிள்ளையின் விஷயத்தை அறிக்கையிலேயே சேர்ப்பதாகத் தலைவர் சொன்னார். பன்னிரண்டாவது மனுவின் நகலும் இதோடு இருக்கிறது. நாலாவது வரியைப் பார்.

பொத்தான் தைத்தேன். ஒன்று கோணல்.

உன்
மைதீன் பிச்சை

*

786
கீரனூர்
24-3-1958

அன்புள்ள சேக் பரீது அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்று நோன்பு மூன்றாவது நாள். இங்கு எல்லோரும் சுகம். மதினி ரேடியோவைக் கிணற்றில் போடவில்லை, நோன்புக் கஞ்சி காய்ச்சும்போது அவளே திருகிக் கேட்கிறாள்.

மனுவை மதினிக்கு வாசித்துக் காட்டினேன். நாலாவது வரி வந்ததும் அண்ணன் கடையிலிருந்து எழுந்து உள்ளே வந்து நின்றார். “மச்சான் ஆம்பளதான்” என்றார். இரண்டரை வருஷத்தில் அவர் உங்களை மச்சான் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

ஆனால் மனுவில் ஒரு வரி இன்னும் குறைகிறது. மீசை எப்படி வந்தது என்று தலைவர் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. இத்தனை கடிதத்திலும் நான் உங்களைத் திட்டினேன், ஒரு தடவைகூட நீங்கள் அதை எடுத்து என் முகத்தில் போடவில்லை. அது நான் வரைந்த மீசை. அன்று காலையில் நான் கண்ணுக்கு இடும் சுருமாவைக் குச்சியில் தொட்டு, “அசையாதடா, அசையாதடா” என்று சொல்லிக்கொண்டே வரைந்தேன். அவனுக்குக் கூச்சம், சிரித்துக்கொண்டே இருந்தான். ஒரு பக்கம் மேலே போய்விட்டது. நீங்கள் வாசலில் நின்று, “போதும் பீவி, போலீஸ்காரன் மாதிரி ஆயிட்டான்” என்றீர்கள். மூன்று பேரும் எவ்வளவு சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நாளும் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். கோபம் பிடித்துக்கொள்ள வசதியாக இருந்தது.

நகலைத் தபாலில் அனுப்பப் போவதில்லை. வியாழக்கிழமை காலை பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். வெள்ளிக்கிழமை என் பேரையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மீசை வரியை நான் என் வாயால் சொல்கிறேன். பொம்பிளை எப்படி இத்தனை பேர் முன்னால் பேசுவாள் என்று மேஸ்திரி கேட்டால், பெற்றவள் பேசுவாள் என்று சொல்லுங்கள். தலைவர் பேர் கேட்கும்போது உங்கள் பேரையும் நான்தான் சொல்ல வேண்டிவரும். இந்த முறை அஜீஸுன்னிசாவை இடிக்கமாட்டேன். அதன் பிறகு சொல்லவும் மாட்டேன்.

நோன்பு திறக்க நீங்கள் குழம்பு வைத்துவிடாதீர்கள். அடுப்பைத் துடைத்து வையுங்கள், போதும். அந்தக் கோணல் பொத்தானை வந்து பிரித்துத் தைக்கிறேன். கோழிக்கூட்டுக்குக் கதவு இருக்கிறதாமே, இரண்டு பெட்டைக்கோழி கூடையில் வருகிறது. பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள், கூடை கனமாக இருக்கும்.

இப்படிக்கு,
சேக் பரீதின் அம்மா
ரம்ஜான் பீவி