தண்ணி வருது மாப்புள்ள

அத்தை,

இன்று காலை குசினி முழுக்க வினாகிரியின் புளிப்பு வாடை. ஒரு கோப்பை வினாகிரியைப் பாத்திரம் கழுவும் மெசினுக்குள் வைத்து, வேறு எதுவும் போடாமல் சூடுதண்ணீரில் ஓடவிட்டிருந்தேன். அலுவிகாரைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் மெசினுக்குள்ளும் படிகிறது. அடிக்கடி இப்படிக் கழுவிவிட்டால்தான் அந்தப் பழைய மெசின் ஒழுங்காக வேலை செய்யும். உங்கள் மகள் மலர் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். நான் மெசினுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அந்த வாடை பிடிக்கும். நீங்கள் என்னோடு முதன்முதலாக நேரே பேசிய நாளின் வாடை அது.

யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரே கூரைக்குக் கீழ் இருந்தோம், நீங்கள் சமைத்ததை நான் சாப்பிட்டேன், ஆனாலும் நாம் பேசிக்கொண்டதில்லை. மருமகனுக்கு முன்னால் உட்காரக்கூடாது, முகம் பார்த்துப் பேசக்கூடாது என்பது ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நீங்கள் பிறந்து வளர்ந்த லயத்து வரிசை வீடுகளின் முறை. மலர் துபாய்க்கு வேலைக்குப் போனபோது, "வீடு பூட்டிக் கெடக்கக் கூடாதும்மா, நீ போயி இரு" என்று உங்களை இங்கே கொண்டுவந்து விட்டுப் போனாள். முறையையும் நீங்கள் கூடவே கொண்டுவந்தீர்கள். நான் முன்னறைக்கு வந்தால் நீங்கள் குசினிக்குள். நான் குசினிப் பக்கம் வந்தால் நீங்கள் பின்கட்டில். சோற்றை மேசையில் மூடி வைத்துவிட்டு, கரண்டியால் சட்டியில் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள். சாப்பிட வாங்க என்று அதற்கு அர்த்தம்.

மற்றதெல்லாம் துபாய் வழியாக நடந்தது. ரசத்தில் உப்புக் கூடிவிட்டது என்று மலரிடம் போனில் மெதுவாகச் சொல்வேன். சற்று நேரத்தில் குசினியில் உங்கள் போன் அடிக்கும். "அப்புடியா? பாவம் மாப்புள்ள, ஒண்ணும் சொல்லாம தின்னுட்டுப் போனாரே" என்று நீங்கள் அவளிடம் சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். மறுபடி என் போன் அடிக்கும். "அம்மா ரொம்ப வருத்தப்படுது" என்பாள் மலர். கடல் தாண்டிப் போய்க் கடல் தாண்டி வந்த அந்த வருத்தத்தை நான் ஏற்கனவே கேட்டு முடித்திருப்பேன்.

மெசினும் துபாயிலிருந்து வந்ததுதான். மலர் வேலை செய்த வீட்டில் புதிது வாங்கியபோது, பழையதைக் கேட்டு வாங்கிக் கப்பல் பெட்டியில் அனுப்பினாள். "ஒன் கை தேய்ஞ்சது போதும்மா" என்று உங்களிடம் சொன்னாளாம். பாத்திரம் கழுவ மெசின் வைத்தால் ஊர் சிரிக்கும் என்று நீங்கள் முதலில் அதன் பக்கமே போகவில்லை. பிறகு மெல்ல மெல்லப் பழகிக்கொண்டீர்கள். ஆனால் ஒவ்வொரு பீங்கானையும் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் உள்ளே அடுக்குவீர்கள். "அழுக்கோட போட்டா மெசின் அழுக்காயிராதா?" என்று மலரிடம் கேட்டீர்கள். அவள் சிரித்த சிரிப்பு எனக்கும் போனில் கேட்டது.

நீங்கள் பின்பக்கத்துத் துவைகல்லில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தீர்களே, அதற்கப்புறம்தான் பீங்கான்கள் கழுவப்படாமல், அழுக்கோடேயே மெசினுக்குள் போக ஆரம்பித்தன. கொஞ்ச நாள் ஓடியது. பிறகு ஒரு நாள் கதவைத் திறந்தால் உள்ளே மஞ்சள் நிறத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, மேலே கறிவேப்பிலை மிதக்கிறது. பீங்கான்களில் பருப்பு காய்ந்து ஒட்டியிருக்கிறது. நான் தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கையால் கழுவி வைத்தேன். எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

உங்களுக்கு அது எப்படி இருந்தது என்பது அன்று பின்னேரம் மலர் எடுத்துச் சொன்னபோதுதான் புரிந்தது. "அம்மா அழுதுகிட்டிருக்குங்க. மாப்புள்ள என் எச்சித் தட்டக் கழுவுறாரு, இனி நான் எப்புடி அந்த வீட்டுல சோறு திம்பேன்னு கேக்குது."

அடுத்த நாளிலிருந்து நீங்கள் தட்டையே தொடவில்லை. வீட்டுப் பின்பக்கத்து வாழையில் இடது கையால் இலை வெட்டி, அதில் சாப்பிட்டு, நீங்களே குழியில் போட்டீர்கள். இலை தீர்ந்ததும் கடைப் பாணும் வெறும் பிளேன்டீயும் மட்டும். அந்தக் கோப்பையையும் நான் வருவதற்குள் ஒற்றைக் கையால் கழுவி ஒளித்து வைப்பீர்கள். பிறகு உங்கள் துணிப்பை குசினி மூலையில் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ரத்தோட்டை பஸ்ஸில் ஏறி மகன் வீட்டுக்குப் போய்விடுவதாக முடிவு.

மலர் அப்போதுதான் வீட்டு வேலையிலிருந்து ஒரு பேக்கரி வேலைக்கு மாறியிருந்தாள். கேக் செய்யப் பழக வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இருந்த ஆசை. "அம்மா அந்த லயத்துல ஒடஞ்ச கையோட கெடந்தா என்னால இங்க இருக்க முடியாது. நான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்துருவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள், உங்கள் மகள்.

டவுனிலிருந்து மெசின் திருத்துகிற ஒரு பாஸைக் கூட்டிவந்து காட்டினேன். கதவைத் திறந்து மூடினார். இது பழைய மாடல், இங்கே சாமான் கிடைக்காது, பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, நீங்கள் ஒற்றைக் கையால் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை கடை அரை நாள். நான் மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் நிறுத்துக் கொடுக்கிறவன். வீட்டில் பல்ப் மாற்றியதற்கு மேல் மெசின் எதையும் தொட்டதில்லை. ஆனாலும் அன்று மத்தியானம் ஒரு ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு மெசினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். நீங்கள் பின்வாசல் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தீர்கள். உங்கள் சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. போனை லவுட்டில் போட்டுத் தரையில் வைத்திருந்தேன். அம்மாவை டோர்ச் லைட்டைப் பிடிக்கச் சொல்லு என்று நான் மலரிடம் சொல்ல, அவள் உங்களுக்குச் சொல்ல, நீங்கள் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு லைட்டை நீட்டினீர்கள். வெளிச்சம் சுவரில் விழுந்தது.

"இன்னும் கொஞ்சம் கீழ பிடிக்கச் சொல்லு."

"அம்மா, கொஞ்சம் கீழ பிடிம்மா."

அந்த நேரம் பார்த்து மலரை யாரோ கூப்பிட்டார்கள். "கேக் கருகுது, நான் பெறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

குசினியில் நாம் இரண்டு பேர் மட்டும். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்பதற்காகக் கீழ்ப் பலகையின் ஆணியில் ஸ்க்ரூட்ரைவரை வைத்தேன்.

"மாப்புள்ள! கரண்ட புடுங்கிட்டீங்களா?"

திரும்பிப் பார்த்தேன். நீங்கள் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிளக் சுவரில்தான் இருந்தது, சுவிட்சும் போட்டபடி. கீழே தண்ணீர் சிந்திக் கிடந்தது, என் கால் அதில்தான் இருந்தது.

எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து, "புடுங்கிட்டேன் அத்தை" என்றேன். வேறு யார் மூலமாகவும் சொல்ல வழியில்லை. நேரே உங்களிடம்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்த வேலை எனக்கு ஒரு துண்டும் மறக்கவில்லை. தேங்கிய தண்ணீரை நான் கோப்பையால் அள்ள, நீங்கள் இடது கையால் வாளியைப் பிடித்தீர்கள். அடியில் சாப்பாட்டுத் துகள்களைப் பிடிக்கிற வடியைத் திருகி எடுத்தோம். சோறு, கடுகு, கறிவேப்பிலை எல்லாம் கூழாகி அடைத்திருந்தது. கழுவி மாட்டி, பிளக்கைப் போட்டு ஓடவிட்டோம். தண்ணீர் போகவில்லை. மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னாலிருந்த கழிவுப் பைப்பைக் கழற்றி வாயால் ஊதினேன். காற்று தாராளமாகப் போனது. அங்கேயும் அடைப்பில்லை. நான் சோர்ந்து போனேன்.

"கொஞ்சம் இருங்க" என்றீர்கள். "ஓடுனப்ப சத்தம் கேட்டீங்களா? ஏதோ சுத்தப் பாக்குது, சுத்த முடியாம மொனகுது."

"எனக்குக் கேக்கலையே அத்தை."

"இன்னொருக்காப் போட்டுப் பாப்பமே."

பைப்பை மாட்டி மறுபடியும் போட்டோம். இந்தத் தடவை இரண்டு பேரும் மெசினின் கதவில் காதை வைத்துக் கேட்டோம். எதிரும் புதிருமாக, ஒரு முழ இடைவெளியில். நீங்கள் சொன்னது சரி. மோட்டார் முனகியது. அப்படியென்றால் அது பழுதாகவில்லை, அதன் கழுத்தில்தான் ஏதோ சிக்கியிருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை மறுபடி அள்ளிவிட்டு, வடி இருந்த குழிக்குள் லைட்டை அடித்தோம். ஒரு சின்ன மூடி இருந்தது. அதை நெம்பி எடுத்ததும், கீழே காற்றாடி போல ஒரு குட்டிச் சக்கரம். தண்ணீரை வெளியே தள்ளுவது அதுதான் போலிருக்கிறது. நான் விரலை விட்டேன். என் தடித்த விரல் பாதி வழியில் நின்றுவிட்டது. குறடு போட்டு இழுத்தால் பிளாஸ்டிக் உடைந்துவிடுமோ என்று பயம்.

"தள்ளுங்க" என்று தரையில் உட்கார்ந்தீர்கள். என் முன்னால் நீங்கள் உட்கார்ந்ததும் அதுதான் முதல் தடவை. இடது கையின் இரண்டு விரலை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினீர்கள். அவசரப்படவில்லை. பிறகு 'ணக்' என்று ஒரு கிள்ளு. வெளியே வந்தது ஒரு துண்டு கறுவாப்பட்டை. தண்ணீரில் ஊறிப் பருத்து, சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஆப்பாக இறங்கியிருந்திருக்கிறது. நான் ஸ்க்ரூட்ரைவர் நுனியால் தள்ளிப் பார்த்தேன். சக்கரம் சுழன்றது.

நாம் அதோடு விடவில்லை. தண்ணீரைப் பீச்சியடிக்கும் கைகளைக் கழற்றி, துவாரங்களில் படிந்திருந்த சுண்ணாம்பை விளக்குமாற்று ஈர்க்கால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தோம். நீங்கள் மடியில் வைத்துப் பிடிக்க, நான் குத்தினேன். கொழுந்தை மட்டம் பார்த்து எடுக்கிற மட்டக் கம்பை மலையில் மறந்துவிட்டு வந்த ஒரு நாளைப் பற்றிச் சொன்னீர்கள். மலர் பிறந்த மழைக்காலத்தைப் பற்றிச் சொன்னீர்கள். பிறகு அலுமாரியில் இருந்த வினாகிரி முழுவதையும் ஊற்றி, மெசினை ஓடவிட்டோம்.

தண்ணீர் வெளியேற வேண்டிய நேரம் நெருங்கியதும் நீங்கள் பின்பக்கத்தில் கழிவுத் தண்ணீர் விழுகிற கானுக்கு ஓடினீர்கள். மாவுக்கட்டுக் கையோடு யாராவது அப்படி ஓடுவார்களா? எனக்கு உள்ளே மோட்டாரின் சத்தம் கேட்டது, இந்தத் தடவை முனகல் இல்லை. அதே நேரம் வெளியிலிருந்து உங்கள் குரல்.

"வருது! தண்ணி வருது மாப்புள்ள! ஓடி வாங்க, கொட்டுது!"

பக்கத்து வீட்டு பரீதா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அல்லாவே, என்ன நடந்த அக்கா?"

"ஒண்ணுமில்ல பரீதா. எங்க மாப்புள்ள மெசினத் திருத்திட்டாரு. பாஸே முடியாதுன்னுட்டுப் போனத!"

மலர் திரும்ப எடுத்தபோது நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். "அம்மா, நீயா பேசுற? அவரோடயா?" என்று கேட்டாள். அன்று இரண்டு தட்டில் சோறு போட்டீர்கள். நான் முன்னறை மேசையில், நீங்கள் குசினி வாங்குப் பலகையில். நடுவில் கதவு திறந்திருந்தது. மறுநாள் ரத்தோட்டை பஸ் நீங்கள் இல்லாமல்தான் போனது.

அந்தப் பேக்கரியில் மலர் தன் ஒப்பந்தக் காலம் முழுவதும் இருந்துவிட்டுத்தான் வந்தாள். இப்போது வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறாள். அலுவிகாரையில் பிறந்தநாள் என்றால் நம் வீட்டுக் கேக்தான். தட்டும் கிண்ணமும் மலைபோலக் குவியும். அந்தப் பழைய மெசின்தான் எல்லாவற்றையும் கழுவுகிறது. கதவுக் கொக்கி போனது, ரப்பர் போனது, ஒவ்வொன்றையும் நாம் இரண்டு பேரும்தானே பார்த்தோம். பிற்பாடு போனதை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கென்று மகன் வீட்டுக்குப் போய், அங்கேயே தூக்கத்தில் போய்விட்டீர்கள். நாங்கள் வந்து சேர்ந்தபோது லயத்து வாசல் நிறைய ஆட்கள். உங்களோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்த பெண்கள் உங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த மெசின் மாப்புள்ள நீங்கதானா?"

எனக்கு விளங்கவில்லை. நீங்கள் வரும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்வீர்களாம். டவுன் பாஸ் கைவிட்டதை மாப்புள்ள ஒரே ஆளாகத் திறந்து திருத்தினார் என்று. லயம் முழுக்க எனக்கு அந்தப் பெயர்தானாம். உங்கள் வாயால் என்னைப் பற்றி இப்படி ஒரு பெருமை இத்தனை வீடுகளில் சுற்றியிருப்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் கதை அப்படியே நிற்க நான் விடவில்லை.

"ஒரே ஆளா இல்லம்மா" என்றேன். "கரண்ட புடுங்கச் சொன்னது அவங்க. சத்தத்தக் கேட்டுக் கண்டுபிடிச்சது அவங்க. உள்ள சிக்குனத எடுக்க என் வெரல் போகல. அவங்க வெரல்தான் போச்சு. எடது கை வெரல்."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் திரும்பி உங்கள் கையைப் பார்த்தார்கள்.

இன்றுவரை யார் கேட்டாலும் அதை நான் அப்படித்தான் சொல்கிறேன், அத்தை. நீங்கள் விட்டுவிட்ட பகுதியையும் சேர்த்து, முழுதாக.