இருபத்து நான்கும் மஞ்சள்

ரிங்லெட்
14-01-2025, செவ்வாய், காலை 6.40. குப்பிகள்: 24.

அக்கா,

இருபத்து நான்கு குப்பிக் கிருமியையும் உடைத்து வடித்துப் பார்த்தேன். எல்லாம் மஞ்சள். நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

நீ எதற்காகப் பழி சுமந்தாய் என்று சொல்லிவிடுகிறேன். அணை ஏரிச் சேற்றில் எடுத்த அந்தக் கிருமி காற்றுப் பட்டால் செத்துப்போகும். எலக்ட்ரானைச் சுமந்துபோக அதற்கு ஒரு புரதம் வேண்டும். இரும்பு கிடைத்தால் பழுப்புப் புரதம் செய்யும், ஃபெரடாக்சின். கிடைக்காவிட்டால் இரும்பே தேவைப்படாத மஞ்சள் புரதம், ஃபிளேவோடாக்சின். எனக்கு வேண்டியது மஞ்சள். நான் இரும்பு சேர்க்காமல் வளர்த்தும் ஏழு மாதம் பழுப்புதான் வந்தது. நீ குப்பிகளைக் கம்பி நாரால் தேய்த்ததால் இரும்பு ஏறிவிட்டது என்று அறிக்கை எழுதினேன். ஆய்வுக்கூடத்தில் உன் கழுவும் வேலை போயிற்று.

நீ போன பிறகு நானே கழுவினேன். அப்போதும் பழுப்பு. மாதிரி எடுக்க ஒவ்வொரு முறையும் ரப்பர் மூடியைப் புதிதாகக் குத்தப் பொறுமையில்லாமல் எஃகு ஊசியைக் குப்பியிலேயே விட்டுவைப்பது என் வழக்கம். கிருமி விடும் அமிலம் அதை அரித்து, இரும்பு குப்பிக்குள் இறங்கியிருக்கிறது. ஊசிக்குப் பதில் பிளாஸ்டிக் குழாய் போட்டேன். மஞ்சள்.

ஆக, தவறு உன்னுடையதல்ல. திரும்பி வா. இன்று பொங்கல். மூன்று மாதமாக மேகி தின்கிறேன். வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான்.

தர்மேந்திரன்


கோலா தெர்லா
26-01-2025

தம்பி தர்மாவுக்கு,

அக்கா ரஞ்சிதம் எழுதறது. நல்லா இருக்கேன். முட்டைக்கோஸ் கொட்டகையில மேல் இலை உரிக்கிற வேலை.

கம்பி நார நான் தொட்டதே இல்லலா. நீ காட்டிக்குடுத்த மாதிரி ஸ்பாஞ்சுதான், ஆறு தடவ அலசல். அன்னிக்கே சொன்னேன். "படிக்காத ஆளு கையில குடுத்தா இப்படித்தான்"னு கூட்டத்துல எட்டுப் பேரு முன்னாடி கத்துன. அதுல ஒருத்தன், அந்த சுகுமாரன், இன்னும் பிரிஞ்சாங் சந்தையில என்னப் பாத்தா, "என்னக்கா, கம்பி நார் வாங்க வந்தீங்களா?"ங்கிறான். இப்ப என் ஒருத்திக்கிட்ட மட்டும் சொல்ற. அத வெச்சு நான் என்ன பண்ண?

மஞ்சள் வந்ததுல சந்தோஷம். மேகிய தெனமும் தின்னாத, வயித்துக்கு ஆகாது.

ரஞ்சிதம்


ரிங்லெட்
09-02-2025, ஞாயிறு, மாலை 4.15. குப்பிகள்: எண்ணவில்லை.

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் ஐந்து நாளாகச் சட்டைப் பையில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் உண்மையைச் சொன்னால் ஏழு மாத வேலை என்னால் வீண் என்று பதிவாகும். என் ஒப்பந்தத்தை நீட்டமாட்டார்கள். அதனால்தான் உனக்கு மட்டும் எழுதினேன். அதையும் நீ தெரிந்துகொள்.

இனிச் செய்யப்போவது:

1. நாளை காலை எட்டரைக் கூட்டத்தில், உன்னைத் திட்டிய அதே இடத்தில் நின்று, ஊசி என் தவறு என்று சொல்வேன். எட்டுப் பேரும் வரும்வரை தொடங்கமாட்டேன். சுகுமாரனை முன்னால் உட்காரவைப்பேன்.
2. அறிக்கையில் உன் பெயரை அடித்து, அங்கே என் பெயரை எழுதுவேன்.
3. உன் வேலையைத் திரும்பக் கேட்பேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.
4. அடுத்த ஞாயிறு உன் கொட்டகைக்கு வருவேன். சோறு கேட்கமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கோஸ் உரிப்பேன். நீ பேசாவிட்டாலும் ஐந்து மணிவரை உரிப்பேன்.

தர்மா