கண்டக்டர் கையில் என் கடிகாரம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம், நான் நலம் என்பதற்கு இந்த முறை ஆஸ்பத்திரியே கட்டுக்கட்டாகக் காகிதம் கொடுத்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

நீ அனுப்பிய கைக்கடிகாரம் நன்றாக வேலை செய்கிறது. அதைக் கட்டிக்கொண்டு தினம் எட்டாயிரம் அடி நடந்தால் மருத்துவக் காப்பீட்டில் தள்ளுபடி என்றாய், நானும் தலையாட்டினேன். ஆனால் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்தே பஸ் ஓட்டியவனைப் பூங்காவைச் சுற்றிக் கிளம்பின இடத்துக்கே வந்து சேரச் சொன்னால் எப்படி? முதல் சுற்றிலேயே மூச்சு வாங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என்னோடு வண்டியில் இருந்த கண்டக்டர் உனக்குத் தெரியுமே, நிற்கவே மாட்டான், இங்க குடுப்பா, நான் எப்படியும் நடக்கத்தானே போறேன்னு வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டான். நான் உட்கார அவன் நடக்க, எங்களுக்கு இது புதிதா என்ன? ஒரே வாரத்தில், என்னைப் போலவே தள்ளுபடிக்காகக் கட்டிக்கொண்டு பெஞ்சில் இருந்த மற்ற மூன்று பேரும் தங்கள் கடிகாரத்தை அவனிடம் கொடுத்துவிட்டார்கள். முழங்கை வரை கடிகாரத்தோடு சுற்றுகிறவனைப் பார்த்து, விற்க வந்தவன் என்று நினைத்து ஒரு அம்மா விலை கேட்டார்.

போன மாதம் சர்க்கரை பார்க்கப் போனோம். டாக்டர் என் போனில் கடிகாரத்தின் கணக்கைப் பார்த்துவிட்டு, தினம் பன்னிரண்டாயிரம் அடி நடக்கிறவருக்குச் சர்க்கரையும் எடையும் ஏறுதுன்னா உள்ள ஏதோ பெரிசா இருக்குன்னு சொல்லிவிட்டார். அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம், பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள், வாய் வரவில்லை. ரத்தம், ஸ்கேன், இதயம் என்று மூன்று நாள் அலைந்தோம். ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காப்பீடு கொடுக்குமாம், டெஸ்ட் பார்ப்பதற்கெல்லாம் கொடுக்காதாம், அதனால் அம்மாவின் முழங்கால் வைத்தியத்துக்கு வைத்திருந்த பணம் அதிலேயே கரைந்தது. எல்லா ரிப்போர்ட்டிலும் ஒரே பதில், ஒன்றுமில்லை. நான் மெஷினுக்குள் படுத்திருந்தபோது அவள் வெளியே அழுதுகொண்டிருந்தாளாம். வெட்கமாகப் போய்விட்டது பாப்பா. வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் காலையில் என் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள், நான் போட்டுக்கொண்டு நடக்கக் கிளம்பினேன். காப்பீட்டுக்காரர்களுக்கும் எழுதிவிட்டேன், தள்ளுபடி போனால் போகட்டும்.

இதை ஏன் இவ்வளவு நாள் இழுத்தேன் என்று கேட்பாய். எட்டாயிரம் தொட்டதும் உன் போனில் தெரியும், உடனே சபாஷ் அப்பா என்று ஒரு வரி அனுப்புவாய். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைதான் உன் குரல் கேட்கும். இன்னொருத்தன் நடந்து வாங்கிய சபாஷ் என்று தெரிந்தும் தினம் அதற்காக பெஞ்சில் காத்திருப்பேன்.

நேற்றிலிருந்து கடிகாரம் என் கையில்தான். ஆயிரத்து நூறு அடி. குறைந்துவிட்டதே என்று பயப்படாதே. நான் நின்றால் பின்னாலிருந்து கண்டக்டர் போலாம் ரைட் என்கிறான், அம்மாவே சிரித்துவிட்டாள். நீங்கள் இருவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, நீயும் நாற்காலியை விட்டு எழுந்து நட. மறக்காமல் ஆயிரத்து நூறுக்கும் ஒரு சபாஷ் போடு, இது நானே நடந்தது.

இப்படிக்கு,
பெஞ்சை விட்டு எழுந்துவிட்ட
உன் அப்பா